எட்டுச் சொட்டு ராவுத்தர்

தன்னுடைய சிறுநீரைப் பற்றி எட்டுச் சொட்டு ராவுத்தர் அளவுக்கு ஆழ்ந்து யோசித்த மனிதர் சித்தூர் தாலுகாவில் மட்டுமல்ல, பூலோகத்திலேயே இருந்திருக்க முடியாது. இலையில் உட்காரப் போகிற நேரத்தில் இதைப் படிக்கிறவர்கள் பத்திரிகையை மூடி வைத்துவிட்டுச் சாப்பாடு ஆனதும் வரலாம். ராவுத்தர் கோபித்துக்கொள்ள மாட்டார். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அவருக்கே வேலை ஆரம்பம்.

ஐம்பதுகளின் நடுவில், எனக்கு இருபத்துமூன்று வயதில், பாலக்காட்டுக்குக் கிழக்கே இருக்கிற இந்தச் சித்தூர் தாலுகாவில், வடகரப்பதிப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்தது. எங்கள் வீடு தேவிகுளத்துக்குப் பக்கத்தில், தேயிலை எஸ்டேட்டில். அப்பாவுக்கு அங்கே ஃபாக்டரியில் வேலை. மலைக்குளிரில் வளர்ந்தவன் சித்தூர் வெயிலில் வந்து இறங்கி, கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் அறை பிடித்தேன். கீழே கடை, பின்கட்டில் கடைக்காரரின் வீடு, அதற்கும் பின்னால் சின்னதாக ஒரு தென்னந்தோப்பு. அந்தக் கடைக்காரர்தான் ராவுத்தர். ஐம்பத்திரண்டு வயது, நல்ல உயரம், வெள்ளைத் தொப்பி, ஒட்டக் கத்தரித்த தாடி.

நான் எந்த ஊர், எந்தச் சபை, எத்தனை நாள் இருப்பேன் என்று எதையும் அவர் கேட்கவில்லை. இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றதும் மருந்துக் குப்பி ஒன்றோடு வந்த பொடி எழுத்துக் காகிதத்தை நீட்டினார். நான் படித்துப் பொருள் சொன்னேன். குப்பியில் இருக்கும் நீலக் கரைசலை ஐந்து சி.சி. அளவுக்குக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் இரண்டு மூன்று நிமிஷம் கொதிக்க வைக்க வேண்டும். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம் உண்டு. மஞ்சளானால் அதிகம். ஆரஞ்சு அதைவிட அதிகம். செங்கல் நிறத்துக்குப் போனால் மிக மோசம்.

"ஒம்பது சொட்டு உட்டா என்ன ஆகுமுன்னு போட்டிருக்குதுங்களா?" என்றார்.

அப்படி எதுவும் போடவில்லை. அன்று சாயங்காலமே ஒன்பது சொட்டு விட்டுப் பார்த்தார். மறுநாள் ஏழு. அதற்கடுத்த நாள் மாடியேறி வந்து, காகிதத்தை எழுதியவனே நான்தான் என்பது போல, "எட்டுத்தான் சரிங்க வாத்தியாரே" என்று எனக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டுப் போனார். ஊர் அவருக்கு வைத்த பெயருக்கு இதுவே காரணம்.

இத்தனைக்கும் பின்னால் இருந்தது அவருடைய அண்ணனின் கதை. சர்க்கரை வியாதியில் காலில் வந்த புண் ஆறாமல், முழங்காலுக்குக் கீழே எடுத்து, மூன்று வருஷம் கட்டிலிலேயே கிடந்து போய்ச் சேர்ந்தவர் அவர். அதே வியாதி தம்பிக்கும் வந்திருக்கிறது என்று பாலக்காட்டில் ஒரு டாக்டர் சொன்னபோது ராவுத்தர் கலங்கவில்லையாம். இதைக் கண்ணால் பார்க்க முடியுமா என்று கேட்டாராம். டாக்டர் சிரித்துக்கொண்டே கண்ணாடிக் குழாயை எடுத்துக் கொதிக்க வைத்துக் காட்டினார். அந்த டாக்டர் செய்த ஒரே பிழை அதுதான்.

முப்பது வருஷம் துணி விற்றவருக்கு நிறம் என்றால் சாதாரண விஷயமா? டாக்டருக்கு ஐந்து நிறம்தான் தெரிகிறது, பாவம், என்று என்னிடம் இரக்கத்தோடு சொன்னார். ராவுத்தருக்கு நீலத்துக்கும் செங்கலுக்கும் நடுவில் பத்தொன்பது நிறங்கள் தெரிந்தன. மயில்கழுத்து, பாசிப்பச்சை, கிளிப்பச்சை, மாந்துளிர், எலுமிச்சை, அரக்கு என்று அவற்றுக்குப் பெயரும் இருந்தது. குழாயில் வந்த நிறத்துக்குப் பொருத்தமான துணியைக் கடையில் தேடி, நகக்கண் அளவுக்கு ஒரு துண்டு கத்தரித்து, பின்சுவரில் இருந்த காலண்டரில் அந்தந்தத் தேதியில் குண்டூசியால் குத்திவைப்பார். பக்கத்தில் என்ன சாப்பிட்டார் என்ற குறிப்பு. சில மாதங்களில் சுவர் முழுக்கத் துண்டுத் துணியாகிவிட்டது. ஒருமுறை ரவிக்கைத் துணி எடுக்க வந்த அம்மாள் ஒருத்தி சுவரைக் காட்டி, அந்த நிறத்தில் இரண்டு முழம் வேண்டும் என்றாள்.

"அதுங்களா? அது முந்தாநேத்து தின்ன இடியாப்பமுங்க" என்றார் ராவுத்தர்.

அந்த அம்மாள் அதற்குப் பிறகு வேறு ஜவுளிக்கடைக்குப் போனதாக ஞாபகம்.

எந்தத் தீனி எந்த நிறத்தைக் கொண்டுவருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவரால் இருக்க முடியவில்லை. பலாப்பழக் காலத்தில் ஒரு நாள் ஒரு சுளை, மறுநாள் இரண்டு, அதற்கு மறுநாள் மூன்று என்று தின்று ஒவ்வொரு நாளும் கொதிக்க வைத்தார். விஞ்ஞானத்துக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டே பதினோரு சுளை வரை போனார். அன்று குழாய் செங்கலாகிவிட்டது. பீவியம்மா மீதிப் பழத்தை மாட்டுக்குப் போட்டுவிட்டார். பாகற்காய்ச் சாறு, ஆவாரம்பூக் கஷாயம், வெந்தயம் என்று யார் எதைச் சொன்னாலும் இரண்டு வாரம் குடித்துப் பார்த்து, சொன்னவர் வீடு தேடிப் போய் முடிவை அறிவிப்பார். பெரும்பாலும் அது நல்ல செய்தியாக இருக்காது.

வேலியில் படர்ந்திருந்த சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் நாக்குக்கு இனிப்புத் தெரியாமல் போகும் என்று யாரோ சொன்னார்கள். இதை என் மேல் பரிசோதித்தார். இலையைக் கொடுத்து மெல்லச் சொன்னார். பிறகு ஒரு ஜிலேபியைக் கொடுத்தார். ஆற்று மணலை எண்ணெயில் பொரித்தது மாதிரி இருந்தது. என் முகத்தைப் பார்த்து அவர் அடைந்த ஆனந்தத்தை இன்றும் மறக்க முடியவில்லை. அதிலிருந்து கல்யாண வீடுகளுக்குப் போகும்போது சட்டைப் பையில் நாலு இலை வைத்துக்கொள்வார்.

பீவியம்மா என்று நான் சொன்னது ராவுத்தரின் மனைவியை. நாற்பத்தெட்டு வயது. எனக்கு முதல் ஆறு மாதம் அவர் ஒரு குரலாக மட்டுமே இருந்தார். சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வரும் அந்தக் குரல் தேவைக்கு மேல் ஒரு வார்த்தையைச் செலவழிக்காது. ஒருநாள் இருவருக்கும் ஏதோ வாக்குவாதம். அன்று வழக்கமான சாப்பாடு சாப்பிட்டும் கிளிப்பச்சைக்குப் பதிலாக மஞ்சள் வந்துவிட்டது. கோபத்தில் சர்க்கரை ஏறுமா என்று ராவுத்தருக்குச் சந்தேகம். மறுநாள் அதே நேரத்துக்கு அதே மாதிரி இன்னொரு சண்டை போட முடியுமா என்று மனைவியிடம் கேட்டார்.

"எனக்கு வேலை கெடக்குது. கோவம் வந்தா நானே சொல்றனுங்க" என்றது கதவு.

எதிரே ஒரு சாயாக்கடை. அதை நடத்தியவரை எல்லோரும் நாயர் என்றே கூப்பிடுவோம். ராவுத்தர் அங்கே போய் நின்றுகொண்டு, யார் யார் டம்ளரில் எத்தனை கரண்டிச் சர்க்கரை விழுகிறது என்று எண்ணுவார். இரண்டாவது கரண்டி விழும்போது அந்த ஆளின் வயது, தகப்பனாரின் வயது, தாகம் எப்படி என்றெல்லாம் விசாரணை தொடங்கும். ஆட்கள் பாதிச் சாயாவோடு எழுந்து போனார்கள். கடைசியில், ராவுத்தரின் தொப்பி தெருவில் தெரிந்ததுமே நாயர் சர்க்கரை டின்னை மேஜைக்கு அடியில் தள்ளிவிடுவது வழக்கமாயிற்று.

வியாதி ஒரு பக்கம் இருக்க, ராவுத்தருக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. சிலர் எப்படி எண்பதைத் தாண்டியும் ஏர் பிடிக்கிறார்கள்? அவர்கள் குழாயில் என்ன நிறம் வரும்? வடகரப்பதிப் பக்கம் எண்பத்தாறு வயதில் மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற பெரியவர் ஒருவர் இருப்பதாக நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் அவர் தோட்டத்தில் நின்றோம். ராவுத்தர் முதலில் அவர் என்ன சாப்பிடுகிறார், எத்தனை மணிக்குப் படுக்கிறார், கால் மரத்துப் போகிறதா என்றெல்லாம் மரியாதையாகக் கேட்டார். பெரியவரும் ராகிக்களி, கம்பங்கூழ், கீரை என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு ராவுத்தர் பையிலிருந்து காலிக் குப்பியை எடுத்து விஷயத்தைச் சொன்னார்.

பெரியவர் மாட்டை நிறுத்திவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க, நெலத்துக்கு வரி போட்டீங்க. வண்டிக்கு வரி போட்டீங்க. இப்ப இதுக்குமுங்களா?"

நாங்கள் சர்க்கார் ஆட்கள் இல்லை என்று புரியவைக்க அரைமணி நேரமாயிற்று. கடைசியில் அவர் கொடுத்தார். அங்கிருந்தே பஸ் பிடித்துக் கோயம்புத்தூர் போய், அங்கே ஒரு பெரிய பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துத் தன் கைக்கணக்கு சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது ராவுத்தரின் திட்டம். பையில் பெரியவரின் குப்பியோடு அவருடைய சொந்தக் குப்பிகள் இரண்டும் இருந்தன.

எல்லைக்கு அந்தப் பக்கம் மதராஸ் ராஜ்யம். அங்கே மதுவிலக்கு. சித்தூர்ப் பக்கம் கள்ளுக்குப் பஞ்சமில்லை என்பதால் சோதனைச்சாவடியில் ஒவ்வொரு பையையும் திறந்து பார்ப்பார்கள். இளம் கான்ஸ்டபிள் ஒருவர் குப்பிகளை வெளியே எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

"இதென்ன சரக்கு?"

"சொந்தச் சரக்குங்க" என்றார் ராவுத்தர்.

"எப்ப எறக்குனது?"

"இது ரெண்டும் இன்னிக்குக் காலைலீங்க. அது பெரியவரோடது. எம்பத்தாறு வருசமுங்க."

எண்பத்தாறு வருஷத்துச் சரக்கு என்றதும் கான்ஸ்டபிளின் முகம் மாறிவிட்டது. தக்கையைப் பிடுங்கி மூக்கில் வைத்து நன்றாக உறிஞ்சினார். அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் இறங்கி நின்று சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் இருவருக்கும் ஜெயில் நிச்சயம் என்று நினைத்தேன்.

கான்ஸ்டபிள் முகம் கழுவிவிட்டு வந்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ராவுத்தரைத் தனியே கூப்பிட்டு மெதுவான குரலில், "எங்கப்பாரு ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொய்க்குதுங்க. அதுவும் இதுதானுங்களா?" என்று கேட்டார்.

ராவுத்தர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பஸ் போய்விட்டது. அப்பாவின் வயது, எடை, பார்வை, கால் விரல்கள் என்று ஒன்று விடாமல் விசாரித்து, எந்த டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், போகும்வரை என்ன சாப்பிடக் கூடாது என்று ஒரு மணி நேரம் சொன்னார். அன்று நாங்கள் கோயம்புத்தூர் போகவேயில்லை. ஊருக்குத் திரும்பிப் பெரியவருடையதைக் கொதிக்க வைத்தார். நீலம் அப்படியே நின்றது. ராவுத்தர் அந்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்ற மாதிரி வேறு யாரும் எதையும் பார்த்து நான் கண்டதில்லை.

இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. ராவுத்தருடைய நிறம் நன்றாகத் தேறி, பெரும்பாலும் பச்சையிலேயே நின்றது. வீட்டில் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எதுவும் கிடையாது. பழுத்த வாழைப்பழம்கூடக் கிடையாது. பீவியம்மாவும் அதே சாப்பாட்டைத்தான் சாப்பிட்டார். தடித்த உடம்பு அவருக்கு. அது இளைத்துக்கொண்டே வந்தது. ராவுத்தர் இதைத் தன் வைத்தியத்தின் வெற்றி என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பின்கட்டுப் பானையில் தண்ணீர் சீக்கிரம் தீர்ந்துபோவதை நானும் பார்த்தேன். வெயில் காலம் என்று நினைத்துக்கொண்டேன். வாத்தியார் என்று பெயர், அவ்வளவுதான்.

ஒருநாள் புதுக் குப்பி ஒன்று வந்தது. அதில் தன்னுடையது ஒரு புது மாதிரிப் பச்சையாக வந்ததால், மருந்து கெட்டுப்போனதோ என்று ராவுத்தருக்குச் சந்தேகம். வியாதி இல்லாத ஓர் ஆளின் நீரை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன். ஒன்றரை வருஷமாக முடியாது என்று சொல்லிவந்த பீவியம்மா, தொல்லை விட்டால் போதும் என்று அன்று சம்மதித்தார்.

நான் சாயங்காலம் வரும்போது ராவுத்தர் கடையைப் பாதி சாத்தியிருந்தார். என் கையில் ஒரு குப்பியைக் கொடுத்து உடனே வேண்டும் என்றார். என்னுடையதைக் கொதிக்க வைத்தார்: நீலம். தன்னுடையதை மறுபடி கொதிக்க வைத்தார்: பச்சை. பிறகு மூன்றாவதைக் கொதிக்க வைத்தார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, குழாயில் இருந்தது பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஓடிச் செங்கலில் போய் நின்றது.

"மருந்து நல்லாத்தானுங்க இருக்குது" என்றார்.

துணி கத்தரிக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தார். ஊர்பூராப் பார்த்தேன், எல்லையில் நின்ற போலீஸ்காரன் அப்பனுக்கெல்லாம் வைத்தியம் சொன்னேன், என்று ஆரம்பித்தவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. உள்ளே பீவியம்மா வழக்கம் போல அரிசி புடைத்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

பாலக்காட்டு டாக்டர் பார்த்துவிட்டு, பத்தியம் மட்டும் போதாது, தினமும் காலையில் இன்சுலின் ஊசி போட்டே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார். யார் போடுவது? ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் தினமும் வீட்டுக்கு வர முடியாது. ராவுத்தர் தானே கற்றுக்கொண்டார். ஊசியும் கண்ணாடிச் சிரிஞ்சும் வாங்கி, வேகவைத்து, கத்தரிக்காயில் குத்திப் பழகினார். ஒரு கத்தரிக்காய்க்கு நாற்பது ஊசி வீதம் ஒரு கூடைக் கத்தரிக்காய் தீர்ந்தது. கத்தரிக்காய் கத்தவில்லை என்பதை நம்பி நான் கையை நீட்ட முடியாது என்றார் பீவியம்மா. அதனால் கொதித்து ஆறிய தண்ணீரை நிரப்பித் தன் தொடையிலேயே மூன்று நாள் குத்திக்கொண்டு, வலி எந்தச் சாய்வில் குறைவு என்று கண்டுபிடித்த பிறகுதான் மனைவியிடம் போனார். மருந்துக் குப்பியை மாதம் ஒருமுறை நான் கோயம்புத்தூரிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வருவேன். அதை ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் வைத்து, குழந்தையைப் பார்ப்பது போல ஒரு நாளைக்கு நாலு தடவை தொட்டுப் பார்ப்பார் ராவுத்தர்.

இரண்டு மாதத்தில் பீவியம்மாவின் தாகம் அடங்கியது. முகத்தில் களை வந்தது. ராவுத்தர் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நடந்தால் சர்க்கரை குறையும் என்று தன் உடம்பிலேயே கண்டவர் அவர். ஊசியும் போட்டு, நடையும் சேர்ந்தால் எவ்வளவு குறையும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊசி போட்ட கையோடு, பலகாரம் அப்புறம் ஆகட்டும் என்று சொல்லி மனைவியைத் தென்னந்தோப்பில் சுற்றி நடக்கச் சொன்னார். நான் வேதக்கோயிலுக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டு மாடி ஜன்னலில் நின்றேன். ராவுத்தர் முன்னால் வேகமாக. பீவியம்மா பத்தடி பின்னால். எட்டாவது சுற்றோ ஒன்பதாவது சுற்றோ தெரியாது, பீவியம்மா ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வெறும் பெயர்கூட இல்லை. கடைசியில் ஒரு 'டா' சேர்த்து, இன்னும் எத்தனை சுற்று என்று கேட்டார்.

இருபத்தெட்டு வருஷ இல்லறத்தில் அந்தப் பெயர் அந்த வாயிலிருந்து வந்ததேயில்லை. ராவுத்தர் திரும்பினார். மனைவியின் முகமும் ரவிக்கையும் வேர்வையில் நனைந்திருந்தன. கை நடுங்கியது. கண் எங்கேயோ போயிருந்தது. அடுத்த நொடி அப்படியே மரத்தடியில் சரிந்துவிட்டார்.

ஊசி போட்டவுடன் சாப்பிடாவிட்டால் இப்படி ஆகும், உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கீழே ஓடி வருவதற்குள் ராவுத்தர் சமையலறைக்குள் இருந்தார். டப்பா டப்பாவாகத் திறந்து கவிழ்த்துக்கொண்டிருந்தார். ராகி, கம்பு, வெந்தயம், மறுபடி ராகி. இனிப்பு என்று ஒரு பொட்டுக்கூட அந்த வீட்டில் இல்லை. அவர்தான் இல்லாமல் செய்திருந்தார்.

தொப்பி இல்லாமல், வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவர் தெருவைத் தாண்டி ஓடினார். அவரைக் கண்டதும் நாயரின் கை பழக்க தோஷத்தில் டின்னை மேஜைக்கு அடியில் தள்ளியது. ராவுத்தர் மண்டியிட்டு அதை வெளியே இழுத்தார். மேஜையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

"நாயரே, சர்க்கரை... ஊட்டுல அவளுக்கு..." என்றார். அவ்வளவுதான் வந்தது.

நாயர் உடனே ஒரு டம்ளரில் பாதி வரைக்கும் சர்க்கரையைக் கொட்டி, சூடு குறைந்த பாலை ஊற்றிக் கலக்கிக்கொண்டே அவருக்கு முன்னால் ஓடி வந்தார். பீவியம்மாவின் தலையை நான் பிடித்துக்கொண்டேன். ராவுத்தர் கரண்டி கரண்டியாகப் புகட்டினார். முதலில் கடைவாயில் வழிந்தது. பிறகு தொண்டை அசைந்தது. கால்மணி நேரத்தில் கண் நிலைக்கு வந்து, எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். காலி டம்ளரைப் பார்த்தார்.

"இது நல்லாருக்குது. யாரு பண்ணுனது?" என்றார்.

நாயர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ராவுத்தர் எழுந்து நாலைந்து மரம் தள்ளிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. பீவியம்மா அதைப் பார்த்துவிட்டு, பசிக்கிறது, பலகாரம் செய்ய வேண்டும் என்று பொதுவாகச் சொன்னார். ராவுத்தர் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அடுப்பு மூட்டினார். அவர் அடுப்பு மூட்டியதை நான் அன்றுதான் பார்த்தேன். புகை அடங்க வெகுநேரமாயிற்று.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு டப்பா சர்க்கரை நிரந்தரமாக இருந்தது. பரிசோதனைகள் நிற்கவில்லை. ஆனால் பீவியம்மா சம்பந்தப்பட்ட எதையும் பீவியம்மாதான் தீர்மானித்தார். கொஞ்ச நாளில் அவரே குழாயைக் கையில் எடுத்துக்கொண்டார். ராவுத்தர் கிளிப்பச்சை என்றால், இல்லை, இது பாசிப்பச்சை என்று கதவுக்குப் பின்னாலிருந்து தீர்ப்பு வரும். பெரும்பாலும் தீர்ப்புத்தான் சரியாக இருக்கும். சாயங்காலம் தோப்பில் இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். ராவுத்தர் எண்பத்தொரு வயது வரை இருந்தார், இரண்டு காலோடும். பீவியம்மா அவருக்குப் பிறகு நான்கு வருஷம் இருந்தார்.

நான் சித்தூரில் மூன்று வருஷம் இருந்துவிட்டு, மாற்றலாகித் தேவிகுளத்துக்கே வந்தேன். அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம். எஸ்டேட் கோயிலில் வைத்திருந்தோம். ராவுத்தருக்குக் கடிதம் போட்டிருந்தேனே தவிர, அவர் வருவார் என்று நினைக்கவில்லை. பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை என்று பஸ் மாறி மாறி, மலையேறி, கல்யாணத்துக்கு முந்தின நாள் மழையில் நனைந்துகொண்டு இருவரும் வந்து இறங்கினார்கள். பீவியம்மா எங்கள் வீட்டு அடுப்பில் சிரிஞ்சை வேகவைத்து, தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்கள் கூட்டமாக நின்று பார்க்கத் தன் கையாலேயே ஊசி போட்டுக்கொண்டார். எங்கள் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ராவுத்தர் அப்பாவோடு உட்கார்ந்துவிட்டார். ஃபாக்டரியில் தேயிலைச் சாற்றை வரிசையாகக் கிண்ணங்களில் ஊற்றி நிறம் பார்ப்பது எப்படி என்று அப்பா சொல்லச் சொல்ல, அவர் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளையான என்னை அன்று யாரும் தேடவில்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு அவர்கள் கிளம்பினார்கள். நானும் என் மனைவியும் ரோடு வரை போனோம். பனியில் எதிரே நிற்கிறவர் முகம்கூடத் தெளிவாகத் தெரியவில்லை. ராவுத்தர் என் தோளைப் பிடித்து, நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்று மட்டும் சொன்னார். பஸ் வளைவில் மறைந்த பிறகும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"அவுக உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள் என் மனைவி. கல்யாணமாகி ஒரே நாள். அதுதான் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

மாடியறையை வாடகைக்கு விட்டவர் என்று சொல்ல வாயெடுத்தேன். சொந்தக்காரவுக என்றேன். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். நான் அதை இன்றுவரை திருத்திச் சொல்லவில்லை.